கலங்கிய கடலில் தூண்டில் போடுவோர்க்கு: எந்த மீனுக்கு எந்த இரை?

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், பாந்த்ரா பாண்ட்ஸ்டாண்ட் பாறைகளிலும், மார்வே படகுத்துறைப் பக்கமும், கோராய் கழிமுகத்திலும் தூண்டிலோடு ஆட்கள் வந்து உட்கார்ந்து விடுகிறார்கள். மராத்தியும் இந்தியும் கலந்த பேச்சுக்கு நடுவே, "இன்னும் கொஞ்சம் விட்டுப் பிடிடா" என்று திருநெல்வேலித் தமிழும் கேட்கும். ஆறு நாள் தையல் மெஷினிலும் கணக்கு லெட்ஜரிலும் குனிந்து கிடந்த முதுகு, ஏழாவது நாள் கடலைப் பார்த்து நிமிர்கிறது.

ஆனால் நம்மவர்களில் பலர் வெறும் பையோடுதான் ரயில் ஏறுகிறார்கள். நாலு பாறை தள்ளி உட்கார்ந்திருக்கும் கோலி மீனவக் கிழவரோ, சாக்குப் பையில் இரவுக் குழம்புக்கு வேண்டியதைக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டுகிறார். கடல் ஒன்று. ஏற்றம் ஒன்று. அவரிடம் இருப்பது பாட்டிலில் சுற்றிய தங்கூசிக் கயிறு. நம்மவரிடம் இருப்பது கிராபோர்ட் மார்க்கெட் பக்கம் வாங்கிய பளபளக்கும் ராடு. பிறகு எங்கே வித்தியாசம்? முள்ளின் நுனியில்!

வாரத்தில் கிடைப்பது ஒரே ஒரு விடுமுறை. அதோடு ரயில் கட்டணம், இரைக்கும் ஈயத்துக்கும் ஆகும் செலவு. இவை வீணாகாமல் இருக்க, இரை விஷயத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கண் இல்லாத கடல்

நம் ஊர்க் கடலை மனதில் வைத்துக்கொண்டு மும்பைக் கடலில் தூண்டில் போடக் கூடாது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குள்தான். மும்பையில் பெரிய ஏற்ற நாட்களில் தண்ணீர் 4 மீட்டருக்கு மேல் உயர்ந்து இறங்குகிறது. அவ்வளவு தண்ணீர் ஒரு நாளில் இரண்டு முறை கழிமுகங்களுக்குள் பாய்ந்து திரும்பினால் என்ன ஆகும்? அடியில் கிடக்கும் சேறெல்லாம் கிளம்பி விடும். டீத்தண்ணீர் நிறத்தில் கடல் இருப்பதற்கு நகரத்துச் சாக்கடை மட்டும் காரணமல்ல. இந்தச் சேறும் காரணம்.

அந்தத் தண்ணீரில் ஒரு முழத்துக்கு அப்பால் மீனுக்குக் கண் தெரியாது. அது இரையைத் தேடுவது மூக்கால், நாக்கால், உடம்பில் படும் அதிர்வால். அதிலும் அடிமட்டத்தில் மேயும் மீன்கள் இதற்கென்றே பிறந்தவை. கெளுத்தியின் மீசையைப் பாருங்கள். அது அலங்காரம் அல்ல, நாக்கு! மீசை முழுவதும் சுவை அறியும் மொட்டுகள் உண்டு. திருக்கைக்குக் கண் முதுகுப் பக்கம், வாய் வயிற்றுப் பக்கம். தன் வாய்க்குள் என்ன போகிறது என்பதை அது ஆயுளில் ஒரு தடவைகூடப் பார்த்திருக்காது. விலாங்கு இரவில் மேய்வது. அதற்கும் மூக்குதான் கண்.

ஆகவே இங்கே இரைக்கு முதல் தகுதி வாசனை. இரண்டாவது தகுதி, அந்த இடத்து மீன் தினமும் தின்னும் பொருளாக இருப்பது. நிறம், மினுக்கு எல்லாம் மூன்றாம் பட்சம்.

மண்புழுவை ஊரில் விட்டு விடுங்கள்

குளத்திலும் வாய்க்காலிலும் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள் முதலில் தேடுவது மண்புழுவைத்தான். தோட்டத்து மண்ணைக் கிளறி டப்பாவில் கொண்டு வருகிறார்கள். உப்புத் தண்ணீரில் இறங்கியதும் மண்புழு நீரை இழந்து சுருண்டு செத்து விடும். வெளுத்து, நைந்து, முள்ளிலிருந்து நழுவியும் போகும். மீன் தின்று விட்டது என்று நினைத்து நாம் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டிருப்போம். கடலோரச் சேற்றில் இருக்கும் கால் முளைத்த புழு வேறு சாதி. அது கிடைத்தால் கத்தாழைக்கும் கிழங்கானுக்கும் அதைவிட நல்ல இரை இல்லை. ஆனால் சேற்றில் முழங்கால் வரை இறங்கித் தோண்ட வேண்டும். அதற்கு எல்லோருக்கும் பொறுமை இராது.

இறால்தான் ராஜா

ஒரே ஒரு இரைதான் கொண்டுபோக முடியும் என்றால் யோசிக்காமல் இறாலைக் கொண்டு போங்கள். கெளுத்தி, கத்தாழை, கிழங்கான், செப்பிலி, களவா, காலா என்று கரையோரம் மேயும் மீன்களில் இறாலை வெறுப்பது அநேகமாக எதுவும் இல்லை. மராத்தியில் இதைக் 'கோளம்பி' என்பார்கள். சயான் கோலிவாடாவிலோ தாதரிலோ சனிக்கிழமை மாலை மீன்காரம்மாவிடம், "மௌஷி, தாஜி கோளம்பி ஆஹே கா?" என்று கேட்டால் போதும். மௌஷி என்றால் சித்தி. தாஜி என்றால் புதியது. அந்தப் 'புதியது' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. மீனுக்குத்தானே என்று மலிவு விலையில் தலை கறுத்த இறாலை வாங்குகிறார்கள். அது கெளுத்தியை மட்டுமே கூப்பிடும். கத்தாழையும் செப்பிலியும் மோந்து பார்த்து விட்டுப் போய்விடும். நாம் வாங்கித் தின்னக் கூசுகிற இறாலை நல்ல மீனும் தொடாது.

இறாலுக்கு ஒரு குறை உண்டு. சதை மெதுவானது. பொடி மீன்கள் கொத்திக் கொத்தி இரண்டு நிமிடத்தில் முள்ளைச் சுத்தமாக்கி விடும். அதற்கு ஒரு வழி: முதல் நாள் இரவே ஓட்டை உரித்து, கல் உப்பைத் தூவி டப்பாவில் மூடி வைத்து விடுங்கள். உப்பு நீரை இழுத்து விடும். விடிவதற்குள் சதை ரப்பர் போல இறுகி விடும். வாசனை குறையாது. குளிர்ப்பெட்டி இல்லாத அறையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் வசதி. முள்ளில் கோத்த பிறகு மெல்லிய நூலால் நாலு சுற்றுச் சுற்றி விட்டால் கல்லில் எறிந்தாலும் கழலாது.

இறாலை வாலிலிருந்து கோத்து, உடம்பின் வளைவோடு முள்ளின் வளைவு பொருந்தும்படி இழுங்கள். முள் முனை துளியாவது வெளியே தெரிய வேண்டும். முனையை மறைத்தால் மீன் ஏமாறும் என்று நினைப்பது வீண். முனை சதைக்குள் புதைந்திருந்தால் ஏமாறுவது நாம்தான்.

கணவாய், மத்தி, நண்டு

கணவாய்க்கு மராத்தியில் 'மாகுல்'. தோலை உரித்து, சுண்டு விரல் அகலத்தில் நீளவாக்கில் நறுக்கி, ஒரு முனையை மட்டும் முள்ளில் மாட்டி மறுமுனையை ஆட விடுங்கள். வாசனையில் இறாலுக்கு ஒரு படி கீழேதான். ஆனால் உழைப்பில் மேலே! பொடி மீன் இதை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு துண்டில் இரண்டு, மூன்று மீன்கூடப் பிடிக்கலாம். பாறை இடுக்கில் இருக்கும் களவாவுக்கும் செப்பிலிக்கும் இது பிடித்தமானது.

பெரிய விலாங்கும் திருக்கையும் தேடுகிறவர்கள் மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீனை நறுக்கிப் போட வேண்டும். மத்தி இங்கே 'தார்லி', அயிலை 'பாங்டா'. வெட்டிய இடத்திலிருந்து கசியும் எண்ணெயும் ரத்தமும் நீரோட்டத்தில் கோடு போல நீண்டு போகும். மீன் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு எதிர்நீச்சலில் வந்து சேரும். எந்த இரையானாலும் கால் மணி, இருபது நிமிடத்தில் அதன் சாறு கரைந்து விடுகிறது. பிறகு முள்ளில் இருப்பது வெறும் சக்கை. இரை இன்னும் முழுசாகத்தானே இருக்கிறது என்று மணிக்கணக்கில் காத்திருப்பவர்களுக்கு மீன் கிடைக்காததன் காரணம் பெரும்பாலும் இதுதான். கோலிக் கிழவர் ஏன் அடிக்கடி கயிற்றை இழுத்து இரையை மாற்றுகிறார் என்று கவனித்துப் பாருங்கள்.

பாறையில் ஓடும் சிறு நண்டை ஓட்டோடு போட்டால் பொடி மீன் தொந்தரவே இராது. கடிப்பது குறைவாக இருக்கும். கடித்தால் நல்ல மீனாக இருக்கும். கழிமுகத்தில் கொடுவாய்க்குக் காத்திருப்பவர்கள் உயிர் இரை போடுகிறார்கள். சேற்றில் துள்ளும் உளுவையை ('நிவ்டி') அல்லது சின்ன மடவையை முதுகில் மெதுவாகக் கோத்து விடுவது வழக்கம். கொடுவா இங்கே 'ஜிதாடா'. ஒன்று அகப்பட்டால் தெருவே கூடி விடும்.

கோதுமை மாவு உருண்டை, கோழிக் குடல் இவற்றையும் சிலர் போடுகிறார்கள். மாவு மடவைக்கு ஆகும். குடலைத் தின்னக் கெளுத்தி வரும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

வவ்வால் மீன் பிடிக்க வந்தேன் என்று கையில் தூண்டிலோடு நிற்பவரைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. 2023இல் மகாராஷ்டிர அரசு மாநில மீனாக அறிவித்த வெள்ளை வவ்வாலின் வாய் மிகச் சிறியது. நுண்ணுயிரையும் சொறி மீனையும் தின்று வாழ்வது. அதை வலையில்தான் பிடிக்கிறார்கள். பெயர்போன பொம்பில் மீனும் அப்படியே. நீரோட்டத்தில் கட்டி வைக்கும் 'டோல்' வலைக்குத்தான் அது வரும்.

பொய் இரை எப்போது?

பிளாஸ்டிக் இறால், தகர மீன், கரண்டி போல மினுங்கும் தகடு என்று கடைகளில் வரிசையாகத் தொங்குகின்றன. ஒன்றின் விலையில் நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு இறால் வாங்கலாம். இவை பயனற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவை கண்ணுக்கு வைக்கும் வலை. தண்ணீர் தெளிந்தால்தான் வேலை செய்யும்.

மும்பையில் அதற்குக் காலம் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அதிலும் அஷ்டமியை ஒட்டிய சிறு ஏற்ற நாட்கள். அப்போது கழிமுக வாயில்களில் கொடுவாவும் காலாவும் (இங்கே 'ராவஸ்') பொய் இரைக்குப் பாயும். ஈயத் தலை வைத்த முள்ளில் ரப்பர் இறாலை மாட்டி, அடியைத் தொட விட்டு, அரை கை உயரம் தூக்கி, மறுபடி விழ விடுங்கள். மீன் பெரும்பாலும் அது விழும்போதுதான் அடிக்கும். சற்றே கலங்கல் என்றால் வெள்ளை அல்லது எலுமிச்சைப் பச்சை நிறம் ஓரளவு தெரியும். அந்த ரப்பரின் முள்ளிலேயே நகக்கண் அளவு நிஜ இறாலைக் குத்தி விடுவது நல்ல யுக்தி. கண்ணுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று! பாறைப் பகுதியில் மட்டும் பொய் இரையை அடியில் இழுக்க வேண்டாம். மூன்றாவது வீச்சில் பாறை அதை விழுங்கி விடும்.

முள்ளும் ஈயமும்

முள் வாங்கும்போது எண்ணைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். 10, 8, 6, 4, 2 என்று எண் இறங்க இறங்க முள் பெரிதாகும். 1க்குப் பிறகு 1/0, 2/0, 3/0 என்று எழுதுவார்கள். அங்கே எண் ஏற ஏறப் பெரிது. கிழங்கானுக்கு 6 அல்லது 4. கெளுத்திக்கும் கத்தாழைக்கும் 2 முதல் 1/0 வரை. விலாங்கு, திருக்கை, கொடுவா என்றால் 3/0க்கு மேல். இரைக்குத் தக்க முள், மீன் வாய்க்குத் தக்க இரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேற்றுத் தரையில் ஈயம் நுனியிலும், முள் அதற்கு ஒரு சாண் மேலேயும் இருந்தால் இரை சேற்றில் புதையாது. பாறையில் ஈயத்தை மட்டும் மெல்லிய நூலில் கட்டுங்கள். சிக்கினால் ஈயம் மட்டும் அறுந்து மற்றவை தப்பும். ஒர்க்ஷாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு ஈயமே தேவையில்லை. பழைய நட்டு, கழித்துப் போட்ட ஸ்பார்க் பிளக் போதும். ஈயக் குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஈயம் உடம்பில் சேரும் நஞ்சு. குறட்டால் இறுக்குங்கள்.

தினசரி காலண்டரே வழிகாட்டி

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டரில் திதி போட்டிருக்கிறது அல்லவா? அதைக் கொண்டே கடலைக் கணிக்கலாம். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி அன்று நண்பகலை ஒட்டியும் நள்ளிரவை ஒட்டியும் ஏற்றம் உச்சத்தில் இருக்கும். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப் போகும். அஷ்டமி வாக்கில் காலையிலும் மாலையிலும் ஏற்றம் வரும். பிரதோஷத்தன்று காலை 10 மணி வாக்கில். இது குத்துமதிப்புத்தான், ஒரு மணி நேரம் முன்பின் இருக்கும். சரியான நேரத்தை அன்றன்றைய பத்திரிகையிலோ கைபேசியிலோ பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்றம் உச்சத்தை எட்டுவதற்கு முந்திய இரண்டு மணி நேரமும், திரும்பும் முதல் அரை மணியும்தான் அடிமீன் மேயும் நல்ல நேரம். அமாவாசை, பௌர்ணமியைத் தொடர்ந்த நாட்களில் இழுப்பு அதிகம், கலங்கலும் அதிகம். அப்போது கனமான ஈயமும், மத்தி, இறால் போன்ற வாசனை இரையும் கொண்டு போங்கள். அஷ்டமியை ஒட்டி இழுப்புக் குறைவு. கணவாயும் புழுவும் பொய் இரையும் அன்றைக்கு எடுபடும்.

இதே கணக்கு உயிர்க் காப்பும்கூட. நம் ஊர்க் கடல்போல நினைத்து, வற்றத்தில் வெகு தூரம் பாறை மேல் நடந்து போய் உட்கார்ந்து விடுகிறார்கள். மீன் கடிக்கும் சுவாரசியத்தில் பின்னால் பள்ளத்தில் தண்ணீர் நிறைவது தெரிவதில்லை. திரும்பும்போது முதுகுப் பக்கம் கடல் நிற்கும்! 2016 ஜனவரியில் பாண்ட்ஸ்டாண்ட் பாறையில் இளம்பெண் ஒருத்தி கடலில் விழுந்து இறந்தாள். காப்பாற்றக் குதித்தவரும் மாண்டார். அது மழைக்காலம்கூட இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டாம். வந்த வழி நனையத் தொடங்கியதும் எழுந்து விடுங்கள்.

மீன் ஏறிய பிறகு

கெளுத்தியைப் பிடித்து விட்ட மகிழ்ச்சியில் கையால் இறுக்கிப் பிடிக்கிறவர்கள் அலறுவார்கள். முதுகில் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு என்று அரம் போன்ற நஞ்சு முள் மூன்று உண்டு. திருக்கைக்கு வாலில். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி வரை அந்த இடத்தை வைத்திருந்தால் வலி தணியும். குத்தாத கையை விட்டுச் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். வலியில் கொதிநீர் தெரியாமல் தோலை வேக விடக் கூடாது. அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். தடுப்பு ஊசியும் தேவைப்படும்.

பேத்தை மீன், அதுதான் வயிற்றை உப்பிக் காட்டும் மீன், இறாலை ஆசையாகக் கடிக்கும். பார்க்கச் சதைப்பற்றாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். அதன் நஞ்சு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. முள்ளைக் கழற்றிக் கடலில் விட்டு விடுங்கள்.

இன்னொன்றைச் சொல்ல மனம் கஷ்டப்படுகிறது. தாராவியில் இருப்பவர்களுக்கு மிகப் பக்கம் மாஹிம் கழிமுகம்தான். நடந்தே போய்விடலாம். மித்தி ஆறு நகரத்துக் கழிவையும் பட்டறைக் கழிவையும் சுமந்து வந்து கலக்கும் இடம் அது. அங்கே கெளுத்தி கிடைக்கும். கேட்ட அளவுக்குக் கிடைக்கும். சாக்கடையில் மேய்ந்த மீன் அது. பொழுதுபோக்குக்குப் பிடித்து விட்டு விடலாம். பிள்ளைகளின் தட்டில் வைக்க வேண்டாம். குழம்புக்கு வேண்டும் என்றால் ரயில் செலவைப் பார்க்காமல் மார்வேக்கோ, கோராய்க்கோ, படகேறி உரண் பக்கமோ போவதே மேல்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் கரைத் தூண்டில்காரர்களும் பாறையை விட்டு விலகி இருப்பதே புத்தி. நாலரை மீட்டருக்கு மேல் ஏற்றம் வரும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே பட்டியல் போட்டு அறிவிக்கிறது. ஆவணி அவிட்டத்தன்று இங்கே நாரளி பூர்ணிமா. கோலி மக்கள் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து விட்டுத் தொழிலுக்கு இறங்குவார்கள். அதன் பிறகும் செப்டம்பர் முடியும் வரை தண்ணீர் கலங்கல்தான். அப்போதைக்கு உப்பிட்ட இறாலும் மத்தித் துண்டும் போதும். ரப்பர் இறாலைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, தீபாவளி கழித்து எடுத்துக்கொள்ளலாம்.